மோன் பிளாங்கைச் சுற்றிக் குடில் குடிலாக: கடிகாரமும் முழங்காலும்

மோன் பிளாங் மலைத்தொடரைச் சுற்றிவரும் நடைபாதை ஏறக்குறைய 170 கி.மீ. பிரான்சின் லெ ஊஷ் ஊரில் தொடங்கி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்தைத் தொட்டுவிட்டுப் பிரான்சுக்கே திரும்புகிறது. மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். வட்டப்பாதை என்பதால் இறக்கமும் அதே அளவுதான். ஜெனீவாக்காரரான ஓராஸ் பெனெடிக்ட் தெ சொசூர் 1767-லேயே இந்த மலையைக் கால்நடையாகச் சுற்றிவந்துவிட்டார். சிகரத்தை மனிதர்கள் எட்டியது அதற்குப் பிறகு, 1786-ல்தான். இன்று வழிநெடுக மலைக்குடில்களும் சிற்றூர் விடுதிகளும் இருக்கின்றன. கூடாரம், அடுப்பு, கனமான ஸ்லீப்பிங் பேக் எதையும் சுமக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் 10 அல்லது 11 நாளில் முடிக்கிறார்கள்.

கூரையும் சூடான சாப்பாடும் உறுதி என்றதும் இது எளிதான நடை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தயாராகும்போதும் எல்லோருக்கும் ஏற்றத்தைப் பற்றியே கவலை. மூச்சு தாங்குமா, உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். இந்தப் பாதையின் மிக உயர்ந்த இடமே 2,665 மீட்டர்தான்; இரவு தங்குவது எல்லாம் 2,500-க்குக் கீழே. இமயத்தில் போல உயரநோய் இங்கே முதல் கவலை அல்ல. நடையைக் கெடுப்பவை வேறு: குதிகால் கொப்புளம், இறக்கத்தில் வீங்கும் முழங்கால், மதியத்துக்கு மேல் கணவாயில் மாட்டிக்கொள்ள வைக்கும் தப்பான நேரக்கணக்கு. மூன்றுமே முன்கூட்டித் தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றுகிறது.

முதலில் கடிகாரம். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து நாளைத் திட்டமிடக் கூடாது. ஜெர்மனியின் வழிப்பலகைகளுக்கான டி.ஐ.என். 33466 தரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆல்ப்ஸில் பலரும் பயன்படுத்துவது. மணிக்கு 4 கி.மீ. சமதளம், 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் போடுங்கள். இரண்டில் பெரியதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைக் கூட்டினால் நடைநேரம்.

இரண்டாம் நாளுக்குப் போட்டுப் பார்க்கலாம். லெ கோந்தாமின் ஊர் 1,167 மீட்டரில் இருக்கிறது; க்ருவா து பொனோம் குடில் 2,443-ல். தூரம் சுமார் 13 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 1,300 மீட்டர். தூரத்துக்கு மூன்றேகால் மணி, ஏற்றத்துக்கு 4 மணி 20 நிமிடம். பெரியது 4.20, சிறியதில் பாதி ஒன்றரை மணிக்குச் சற்று மேல். ஆக 6 மணி நேரம். அதே நாளில் குடிலைத் தாண்டி லெ ஷாப்பியு வரை, 1,554 மீட்டருக்கு, இறங்கிவிடலாம் என்று திட்டமிட்டால் தூரம் 18 கி.மீ. ஆகிறது, கூடவே 900 மீட்டர் இறக்கம். கணக்கு எட்டரை மணியைத் தொடுகிறது. வரைபடத்தில் ஐந்தே கிலோமீட்டர்தான் கூடுதல்.

இந்த நேரத்தில் ஓய்வு சேரவில்லை. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரமும் அப்படித்தான். நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். சாப்பாடு, தண்ணீர், சட்டை மாற்றுவது, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து நான்கில் ஒரு பங்காவது கூட்டுங்கள். குழுவாகப் போனால் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். முதல் இரண்டு நாளில் பலகை நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பலகை 4 மணி என்று சொல்வதை நீங்கள் 5 மணியில் நடக்கிறீர்கள் என்றால், மீதி நாட்கள் எல்லாவற்றையும் ஒன்றேகாலால் பெருக்கிவிடுங்கள்.

குடிலுக்கு மாலை 3 மணிக்குள் போய்ச் சேர்வது என்பதுதான் நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒரே விதி. ஜூலையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கிறது, அப்புறம் ஏன் அவசரம் என்று கேட்கலாம். காரணம் இடிமழை. காலை வெயிலில் சரிவுகள் சூடாக, ஈரக்காற்று மேலெழுகிறது. நண்பகலில் மேகம் திரள்கிறது, பிற்பகலில் இடிக்கிறது. கோடையில் இது திரும்பத் திரும்ப நடப்பது. காலை 10 மணிக்கே பூக்கோசுபோல் குவிந்த மேகம் உயரத்தில் வளரத் தொடங்கினால் அன்று மதியம் கணவாயில் நிற்கக் கூடாது. காலை 7 மணிக்குக் கிளம்பினால் பெரும்பாலான நாட்களில் நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிடலாம். 9 மணிக்குக் கிளம்புபவர் அதே கணவாயில் 2 மணிக்கு நிற்பார்.

சீக்கிரம் சேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துணி துவைத்துக் காயவைக்க வெயில் மிச்சமிருக்கும், வெந்நீர் தீர்ந்திருக்காது, ஈரமான பூட்ஸுக்கு உலர்த்தும் அறையில் இடம் கிடைக்கும். இரவு உணவு பெரும்பாலும் ஆறரை அல்லது 7 மணிக்கு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில். பிந்தி வருபவருக்குத் தனியாகச் சமைக்க அங்கே ஆளில்லை.

அடுத்தது முன்பதிவு. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரைதான் பெரும்பாலான குடில்கள் திறந்திருக்கும். கோடைக்கான முன்பதிவு அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் இடங்கள் வேகமாக நிறையும். முதல் நாளிலிருந்து வரிசையாகப் பதிவு செய்துகொண்டு போவதுதான் பலரும் செய்வது; நடுவில் ஒரு குடில் கிடைக்காமல் போனால் மொத்தத் திட்டமும் சரிந்துவிடும். இடநெருக்கடி அதிகமுள்ள குடில்களை முதலில் பிடியுங்கள்: க்ருவா து பொனோம், கோல் தெ லா செய்ன்ய் கணவாய்க்கு அப்பால் எலிசபெத்தா, இத்தாலியின் ஃபெரே பள்ளத்தாக்கில் பொனாட்டி, கடைசியில் லாக் பிளாங். இவற்றின் தேதிகள் உறுதியானதும் நடுவில் இருக்கும் இத்தாலியின் கூர்மேயர், சுவிட்சர்லாந்தின் ஷாம்பே போன்ற ஊர்களை நிரப்பலாம். அங்கே விடுதிகள் அதிகம், மாற்று எப்போதும் கிடைக்கும். இந்தப் பாதைக்கென்றே பல குடில்களைச் சேர்த்துக் காட்டும் பொது முன்பதிவுத் தளமும் உண்டு. ஆனால் எல்லாக் குடில்களும் அதில் இல்லை. சிலவற்றுக்கு நேரே மின்னஞ்சல்தான்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. 2003-லிருந்து நடக்கும் யு.டி.எம்.பி. ஓட்டப்பந்தயம் இதே பாதையில்தான். மலையடிவாரப் பிரெஞ்சு ஊரான ஷமோனி, கூர்மேயர், ஷாம்பே எல்லாம் அந்த நாட்களில் நிரம்பி வழியும்.

குடிலில் இடமில்லை என்றால் எங்கேயாவது கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணிக் கிளம்ப வேண்டாம். இத்தாலியப் பகுதியான அவோஸ்தாவில் 2,500 மீட்டருக்குக் கீழே அது தடை. பிரான்சில் கோந்தாமின் இயற்கைக் காப்பகத்துக்குள் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அனுமதி.

பதிவு செய்யும்போது ஹாஃப் போர்டு கேளுங்கள்: படுக்கை, இரவு உணவு, காலை உணவு மூன்றும் அதில் அடக்கம். கூட்டுப் படுக்கையறையிலேயே பல இடங்களில் ஒரு ஆளுக்கு 60 யூரோவைத் தாண்டும். சைவம் என்றால் பதிவின்போதே எழுதிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். முட்டை, பாலாடைக்கட்டி சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சைவம் என்றதும் அங்கே பெரும்பாலும் வருவது ஆம்லெட்டும் சீஸும்தான். வர முடியாமல் போனால் கட்டாயம் தொலைபேசியில் தெரிவியுங்கள். படுக்கை வீணாவது ஒரு பக்கம்; பதிவு செய்தவர் இரவாகியும் வராவிட்டால் வழியில் ஏதும் ஆகிவிட்டதோ என்று குடில்காரர் விசாரிக்க வேண்டியிருக்கும். யூரோ, சுவிஸ் ஃபிராங்க் இரண்டிலும் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு எடுக்கும் குடில்களிலும் சிக்னல் இல்லாத நாளில் இயந்திரம் வேலை செய்யாது. மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதி என்பதால் ஒரே விசா போதும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான ரோமிங் திட்டம் சுவிட்சர்லாந்தில் செல்லாமல் போகலாம். அதனால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதுகில் ஏறும் எடை. தண்ணீரும் மதியச் சாப்பாடும் சேர்த்து 8 அல்லது 9 கிலோ. அதற்கு மேல் போனால் ஏதோ தேவையில்லாதது உள்ளே இருக்கிறது என்று பொருள். பை 35 லிட்டர் போதும். 50 லிட்டர் பை வாங்கினால் அது தானாக நிரம்பிவிடும். காலியான பை ஒன்றேகால் கிலோ, தண்ணீர் ஒன்றரை முதல் 2 லிட்டர், சாப்பாடு அரைக்கிலோ. மழைக்கான மேல்சட்டையும் பேன்ட்டும் சேர்ந்து அரைக்கிலோவுக்குச் சற்று மேல், குளிருக்கான மெத்துச்சட்டை 350 கிராம். நடக்க ஒரு ஜோடி உடை, மாலையில் மாற்ற ஒன்று, காலுறை மூன்று ஜோடி. உள்ளே நுழைந்து படுக்கும் மெல்லிய பட்டுத்துணி உறையான லைனர் 150 கிராம். குடிலில் கம்பளி கொடுப்பார்கள், ஆனால் லைனர் இல்லாமல் படுக்க விடமாட்டார்கள். மெல்லிய தொப்பி, கையுறை, தலைவிளக்கு, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், மருந்துப்பை எல்லாம் சேர்த்து ஒரு கிலோ.

பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கணவாயில் காற்று அடிக்கும்போது உடலைக் குளிரச்செய்யும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். ஷமோனியில் 25 டிகிரி இருக்கும் நாளில் 2,500 மீட்டர் கணவாயில் 15 டிகிரிதான் இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் குறைவாக உறைக்கும். ஆகஸ்டிலும் அந்த உயரத்தில் பனி விழும். கையுறையைத் தேவையில்லாத சுமை என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பி இருக்க வேண்டாம். பலமான காற்றில் அது பலூன்போல் உப்பும், சிலசமயம் பறந்தே போகும். முதுகுப் பக்கம் வழிந்து இறங்கும் தண்ணீரை அது தடுப்பதும் இல்லை. கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பையைப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். எந்த மழையிலும் மாற்று உடையும் லைனரும் உலர்ந்தே இருக்கும்.

பூட்ஸ் விஷயத்தில் புதியது கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழையது சிதறும் என்பது பலருக்குத் தெரியாது. அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவிலுள்ள மெத்தை பெரும்பாலும் பாலியூரிதேன். காற்றின் ஈரம் ஆண்டுக்கணக்கில் அதை உள்ளுக்குள்ளேயே சிதைத்துக்கொண்டிருக்கும். அணியாமல் பெட்டியிலேயே கிடந்த ஜோடிதான் இதில் மோசம். பார்க்கப் புதிதுபோல் இருக்கும், மலையில் இரண்டு மணி நேரம் நடந்ததும் அடி முழுதாகக் கழன்று வரும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு கட்டைவிரலால் அந்த மெத்தையை அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். மெல்லிய விரிசலோ மாவுபோல் உதிர்வதோ தெரிந்தால் அந்த ஜோடியை எடுத்துப்போகக் கூடாது. அவசரத்துக்கு நடைக்கோலில் இரண்டு மீட்டர் டக்ட் டேப்பைச் சுற்றி வைத்துக்கொண்டால் அடுத்த ஊர்வரை போய்ச்சேர உதவும்.

கொப்புளத்துக்கு மூன்று காரணம்: உராய்வு, ஈரம், சூடு. தோல் சிவந்து சுருக்கென்று தைக்கும் முதல் நிமிடத்திலேயே நிற்க வேண்டும். குழுவைக் காக்கவைக்கத் தயங்கி அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் அதற்குள் நீர் கோத்திருக்கும். பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, பாதத்தை முழுக்க உலரவிடுங்கள். ஒட்டுப்பட்டையைச் சிவந்த இடத்தைவிட இரண்டு விரற்கடை பெரிதாக வெட்டி, நான்கு மூலைகளையும் வட்டமாக நறுக்குங்கள்; கூர்மூலை காலுறையில் மாட்டி உரிந்துவரும். சுருக்கம் விழாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒட்டி, உள்ளங்கையை ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். உடல் சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். தினமும் உரித்து மாற்ற வேண்டாம், தோலும் சேர்ந்து வந்துவிடும். நீர் கோத்துப் பெரிதாக வலித்தால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலைக் கிழிக்காமல் கிருமிநாசினி தடவி மூடுங்கள். உங்களுக்கு வழக்கமாகக் கொப்புளம் வரும் இடம் எதுவென்று தெரிந்தால், முதல் நாள் காலையிலேயே பட்டையை ஒட்டிக்கொண்டு கிளம்புவது இன்னும் நல்லது.

இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி, விரல்கள் பூட்ஸின் முனையில் இடிக்கும். இரண்டு நாளில் நகம் கறுத்துவிடும். ஒவ்வொரு கணவாயிலும், இறங்கத் தொடங்கும் முன் நாடாவை மறுபடி கட்டுங்கள். குதிகாலைப் பின்பக்கம் தட்டி உட்கார வைத்து, மேலேயுள்ள கடைசி இரண்டு கண்ணிகளில் இரு பக்கமும் சின்ன வளையம் விட்டு, நாடா முனைகளை எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் கணுக்கால் நகராது. ஏறும்போது இதே கட்டு ரத்த ஓட்டத்தை இறுக்கும், அப்போது தளர்த்திவிடுங்கள். நகங்களைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நேராக வெட்டிவிட வேண்டும்.

முழங்காலைக் காப்பாற்றுவது நடைக்கோல்கள்தான். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் நீளம்; ஏற்றத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். இறங்கும்போது கோலை முதலில் கீழே ஊன்றி, எடையில் கொஞ்சத்தை அதில் இறக்கிய பிறகே காலை வையுங்கள். பெரிய படி ஒன்றைத் தாண்டிக் குதிப்பதைவிட மூன்று சின்ன அடி மேல். பயிற்சியிலும் இதைத்தான் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பழகாத தசையில் அந்த வலி இரண்டாம் நாள், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நாட்களில்தான் பொனோம், செய்ன்ய் கணவாய்கள் வருகின்றன. இரண்டு மாதம் முன்பிருந்தே 8 கிலோ பையோடு மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். லிஃப்டில் ஏறி, படியில் இறங்கினாலும் சரிதான். வாரக் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாளும் நீண்ட நடை போனால், சோர்ந்த காலோடு மறுநாள் நடப்பது எப்படி என்பதும் பழகிவிடும்.

குடில் வாசலில் பூட்ஸைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் அறையில் வைத்துவிட்டுச் செருப்போடுதான் உள்ளே போக வேண்டும். நடைக்கோலும் அங்கேயே. உங்கள் பூட்ஸில் வண்ண நூலோ பட்டையோ கட்டிவையுங்கள். விடிகாலை இருட்டில் ஒரே நிறுவனத்தின் ஒரே நிற ஜோடிகள் மாறிப்போவது நடக்கும். எடுத்துப்போனவர் அடுத்த கணவாயைத் தாண்டியிருப்பார். மூட்டைப்பூச்சி பரவாமலிருக்கச் சில குடில்களில் பையைப் படுக்கையறைக்குள் விடுவதில்லை. தேவையானதை மட்டும் சின்னப் பையில் எடுத்துப் போங்கள். குளியல் பல இடங்களில் டோக்கன் கணக்கு, சில நிமிடம்தான் வெந்நீர் வரும். சோப்புப் போடும்போது குழாயை நிறுத்தி வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிலவற்றில் நிறுத்தினாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

விளக்கணைப்பது இரவு 10 மணிக்கு. காலையில் எடுக்க வேண்டியதை இரவே அடுக்கிவிடுங்கள், பிளாஸ்டிக் பை சரசரப்பது முழு அறையையும் எழுப்பும். தலைவிளக்கில் சிவப்பொளி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காதடைப்பான் கட்டாயம். மின் இணைப்பு அறைக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இரண்டு உருண்டை முனையுள்ள தட்டையான ஐரோப்பிய பிளக் மூன்று நாட்டுக்கும் பொருந்தும், தனித்தனி அடாப்டர் வேண்டியதில்லை. குப்பையை நீங்களே கீழே ஊர்வரை கொண்டுபோக வேண்டும். குடிலின் குப்பை ஹெலிகாப்டரிலோ ஆள் சுமந்தோதான் இறங்குகிறது.

தண்ணீர் வழியில் மரத்தொட்டிகளிலும் ஊர்க் குழாய்களிலும் கிடைக்கும். 'நோன் பொத்தாபிள்', 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாத நீர். ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே மாடு மேய்கிறது என்பதை மறக்காதீர்கள். வடிகட்டாமல் குடிக்க வேண்டாம்.

பாதையில் கவனம் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. முதல் நாளிலேயே கோல் தெ திரிகோ ('கோல்' என்றால் கணவாய்) வழியாகப் போகும் மாற்றுப்பாதை அழகானது, ஆனால் 2,120 மீட்டரிலிருந்து மியாஜ் வரை செங்குத்தாக 560 மீட்டர் இறக்கும். பழகாத காலுக்கு முதல் நாளே அது வேண்டாம். கோல் தெ வோசா வழி போதும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் பொனோம் கணவாயிலிருந்து க்ருவா து பொனோம் வரையிலும், 2,665 மீட்டர் கோல் தே ஃபூரிலும் பழைய பனித்திட்டுகள் கிடக்கும். விடிகாலையில் அவை கண்ணாடிபோல் உறைந்திருக்கும். வெயில் பட்டு மேற்பரப்பு இளகிய பிறகு, முந்தையவர்கள் மிதித்த குழியிலேயே காலை வைத்துக் கடக்க வேண்டும். கடக்கும் முன் கீழே பாருங்கள்: சறுக்கினால் எங்கே போய் நிற்போம்? புல்வெளியில் முடிந்தால் கவலையில்லை. பாறைகளிலோ பள்ளத்திலோ முடிந்தால் மேலே சுற்றிப் போங்கள், முடியாவிட்டால் திரும்புங்கள். ஓடையின் மேல் கிடக்கும் பனியில் ஓரங்கள்தான் மெலிந்திருக்கும், அடியில் நீர் அரித்திருக்கும். கிளம்பும் காலையில் குடில்காரரிடம் கணவாயின் நிலையைக் கேட்பது எந்தச் செயலியைவிடவும் நம்பகமானது. நேற்று அங்கிருந்து வந்தவர்களோடு அவர் பேசியிருப்பார்.

எலிசபெத்தாவிலிருந்து கூர்மேயர் போகும் நாளின் கடைசிப் பகுதி, மெசோன் வியேய் குடில் அருகிலிருந்து ஊர்வரை, புழுதியும் செங்குத்துமாக 700 மீட்டர் இறங்குகிறது. முழங்கால் வலிப்பவர்கள் அங்கே கம்பிவட லிஃப்ட் ஓடுகிறதா என்று விசாரித்து அதில் இறங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. கூர்மேயரில் ஒரு நாள் முழு ஓய்வு எடுப்பதையும் நான் பலமாகப் பரிந்துரைப்பேன். பாதி வழி முடிந்திருக்கும், மருந்துக்கடை இருக்கிறது, நடையைத் தொடர முடியாதவர்கள் 1965-ல் திறந்த சுரங்கப்பாதை வழியாகப் பேருந்தில் ஷமோனிக்கே போய்விடலாம்.

கூர்மேயரிலிருந்து பொனாட்டி குடில் வரை கிராந்த் ஜோராஸ் மலையின் முகம் எதிரிலேயே நிற்கும். மொத்தப் பாதையிலும் மனம் நிறையும் பகுதி இதுதான். மலையேறி வால்டேர் பொனாட்டியின் பெயரில் 1998-ல் திறந்த குடில் அது. மறுநாள் எலெனா குடிலிலிருந்து 2,537 மீட்டர் கிராந்த் கோல் ஃபெரேவுக்கு ஏறும் 475 மீட்டரில் ஒதுங்க இடமே இல்லை. மேலே காற்று பலமாக இருக்கும். மழைச்சட்டையைக் கணவாயில் போடலாம் என்று வைக்காமல் கீழேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

ஷாம்பேயிலிருந்து இரண்டு வழி. போவீன் மேய்ச்சல் நிலம் வழியாகப் போவது எந்த வானிலைக்கும் ஏற்றது. 2,665 மீட்டர் ஃபெனெத்ர தார்பெத் வழி கடினமானது. கணவாய்க்குக் கீழே பெரும் பாறைக்குவியல்களின் மேல் கைவைத்து ஏற வேண்டும். த்ரியான் பனியாற்றை அவ்வளவு அருகில் பார்க்க அந்த வழிதான் வேண்டும். ஆனால் முந்தைய இரவு மழை பெய்திருந்தாலும், மதியம் இடி என்று முன்னறிவிப்பு இருந்தாலும் போவீன்தான்.

ட்ரே-லெ-ஷாம் சிற்றூருக்குப் பிறகு அர்ஜாந்தியேர் பாறையருகே இரும்பு ஏணிகள் வரிசையாக வருகின்றன. நடைக்கோலை மடித்துப் பைக்குள் செருகி, பையின் வார்களை இறுக்கி, இரண்டு கையும் காலியாக வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஒருவர் ஏணியை விட்டு விலகிய பிறகே அடுத்தவர் கால் வைக்க வேண்டும். உயரப் பயம் உள்ளவர்களும், பாறை ஈரமாக இருக்கும் நாளில் யாராக இருந்தாலும், 1,461 மீட்டர் கோல் தே மோந்தே வழியாகச் சுற்றிப் போய்விடலாம். அதே லாக் பிளாங் சரிவுக்குத்தான் அதுவும் கொண்டு சேர்க்கும்.

இடி பிடித்துக்கொண்டால் ஏணி, இரும்புக் கம்பி, மலைமுகடு, தனிமரம் நான்கையும் விட்டு விலகுங்கள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் ஆபத்தான தூரம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். ஒதுங்க வழியில்லாத இடத்தில் பையின் மேல் பாதங்களைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள், படுக்காதீர்கள். குழுவினர் ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி இருப்பது நல்லது.

பிரான்சின் மேய்ச்சல் சரிவுகளில் ஆட்டுமந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், கோலை ஓங்காதீர்கள். நின்று, அமைதியான குரலில் ஏதாவது பேசுங்கள். நீங்கள் ஓநாய் அல்ல என்று அதற்குத் தெரிய வேண்டும். பிறகு மந்தையை அகலமாகச் சுற்றிப் போங்கள். மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் நுழையாதீர்கள்.

அவசர எண் 112 மூன்று நாட்டிலும் வேலை செய்யும். சுவிட்சர்லாந்தில் 144-ம் உண்டு. சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கொளியோ விசிலோ, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள். ஹெலிகாப்டர் வந்தால் உதவி வேண்டும் என்பதற்கு இரண்டு கையையும் மேலே விரித்து நில்லுங்கள். வேடிக்கை பார்த்து இரண்டு கையையும் ஆட்டக் கூடாது. சுவிட்சர்லாந்தில் மீட்புச் செலவு உங்களுடையது, ஹெலிகாப்டர் என்றால் ஆயிரக்கணக்கான ஃபிராங்க். மலைமீட்பு சேர்ந்த காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். காப்பீட்டில் 3,000 மீட்டர் வரையான நடை அடங்குமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கடைசி நாள்தான் முழங்காலுக்குப் பெரிய சோதனை. ஃப்ளெஜேரிலிருந்து 2,525 மீட்டர் ப்ரெவான் வரை ஏறி, அங்கிருந்து லெ ஊஷ் வரை ஒரே மூச்சில் 1,500 மீட்டர் இறங்க வேண்டும். பத்து நாள் நடந்த கால் என்பதால் எல்லாம் பழகியிருக்கும் என்று நினைத்து வேகம் எடுக்கும் இடம் இது. வேர்களும் கற்களும் நிறைந்த காட்டுப்பாதையில் சோர்ந்த கணுக்கால் மடங்குவது இங்கேதான். டி.ஐ.என். கணக்கு இறக்கத்துக்கு 3 மணி நேரம் என்று சொல்லும். நீங்கள் நாலரை மணி ஒதுக்குங்கள். ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கத்துக்கும் ஐந்து நிமிடம் பையை இறக்கி உட்காருங்கள். முந்தைய நாட்களிலேயே முழங்கால் வீங்கியிருந்தால் ப்ரெவானிலிருந்து கேபிள் காரில் ஷமோனிக்கு இறங்கி, பேருந்தில் லெ ஊஷ் போய்ச் சேருங்கள். கேபிள் கார் கடைசியாக எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதை முந்தைய இரவே தங்கும் குடிலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; கோடையின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்த நேரம் மாறும்.